சிறுபறையும் சிறுதேரும்: தென்சென்னையில் ஒரு விளையாட்டுச் சரித்திரம்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் அதன் கோயில்களையும் கல்வெட்டுகளையும், ரயில் வந்த ஆண்டையும் கல்லூரி எழுந்த ஆண்டையும் குறித்துவைக்கிறார்களே அன்றி, அந்த ஊர்க் குழந்தைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்று விசாரிப்பது அபூர்வம். தாம்பரத்தைப் பற்றிப் பேசும்போதும், 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கென்று தொடங்கிய சானடோரியம், 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார ரயில், 1937-இல் பட்டணத்தை விட்டுச் சேலையூர்ப் பக்கத்துக் காட்டுவெளிக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி ஆகிய மூன்றையும் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்த வட்டாரத்துக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. அடையாற்றின் தென்கரையில் தொடங்கித் திருவான்மியூர் வழியே முட்டுக்காடு வரையிலும், பரங்கிமலை, பல்லாவரம் வழியே தாம்பரம் வரையிலும் விரிந்துகிடக்கும் இந்தத் தென்புறத்தில், கண் காணாத குழந்தைக்கும் காது கேளாத குழந்தைக்கும் விளையாட என்ன கொடுத்தார்கள் என்பதே அது. அத்தகைய குழந்தைகளுக்கு நம் சமூகம் இரக்கத்தைக் கொடுத்தது, உணவைக் கொடுத்தது, பிற்காலத்தில் ஒரு கைத்தொழிலையும் கொடுத்தது. விளையாட்டைக் கொடுக்க மாத்திரம் நெடுங்காலம் மறந்திருந்தது என்பதும், அந்த மறதி நீங்கிய கதையில் முக்கியமான சில அத்தியாயங்கள் சென்னையின் தெற்கே நிகழ்ந்தன என்பதும் என் அபிப்பிராயம்.

பழந்தமிழர் குழந்தை விளையாட்டை அற்பமாக எண்ணியவர்கள் அல்லர். பட்டினப்பாலையிலேயே குதிரையின்றி உருளும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. கீழடியில் தோண்டிய குழிகளிலிருந்து சுடுமண் வட்டுகளும் ஆட்டக் காய்களும் பகடைகளும் கிடைத்திருக்கின்றன. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்தத்தையே ஒரு புலனறிவு நூல் என்று கொள்ளலாம். தாலாட்டைக் கேட்கும் தாலப் பருவம் செவிக்கு உரியது. நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலிப் பருவம் கண்ணுக்கு உரியது. கைகொட்டும் சப்பாணியும், தலையை ஆட்டித் தவழும் செங்கீரையும் உடல் முழுவதற்கும் உரியவை. மணலில் வீடு கட்டும் சிற்றிலும், சிறுபறை கொட்டுதலும், சிறுதேர் உருட்டுதலும் கைக்கும் காலுக்கும் ஸ்பரிசத்துக்கும் உரியவை. பார்வையில்லாத குழந்தைக்கு அம்புலிப் பருவம் இல்லை. கேள்வியில்லாத குழந்தைக்குத் தாலப் பருவம் இல்லை. எஞ்சிய பருவங்கள் அனைத்தும் இருவருக்கும் உண்டு என்பதையும், அவற்றுக்குரிய பொருள்களைத் தேடி எடுத்துக் கொடுத்தால் அந்தக் குழந்தையின் பால்யம் குறைவுபடாது என்பதையும் நாம் அந்தப் பிரபந்தத்தின் அமைப்பிலிருந்தே ஊகித்திருக்கலாம்.

இதில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய குமரகுருபரர், ஐந்து வயது வரையில் வாய் பேசாத பிள்ளையாக இருந்து, பெற்றோர் திருச்செந்தூருக்கு எடுத்துச்சென்ற பிறகே பேசினார் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். குழந்தைப் பருவத்தின் இனிமையைத் தமிழில் உச்சமாகப் பாடியவர்களுள் ஒருவரை, ஐந்து ஆண்டுகள் மௌனமாகவே வாழ்ந்த ஒரு குழந்தையாக நம் மரபு நினைவில் வைத்திருப்பது சாதாரண விஷயமன்று. அந்த ஐந்து ஆண்டுகளைத்தான் இக்காலத்து வல்லுநர்கள் மொழி ஊன்றும் காலம் என்கிறார்கள். அந்த ஆண்டுகளைத் தெய்வத்தின் கருணைக்கு மாத்திரம் விட்டுவிடாமல் தாயின் மடியில் வைத்தே பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று உலகம் கண்டுகொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின.

திருநீர்மலையிலும் குன்றத்தூரிலும் திருவான்மியூரிலும் திருவிழாக் காலத்தில் விரித்த கடைகளில், இந்தக் குழந்தைகளுக்கு ஏற்ற பொருள்கள் யாரும் அவர்களை எண்ணிச் செய்யாமலே குவிந்துகிடந்தன. பனையோலைக் கிலுகிலுப்பையைக் கண்ணில்லாத குழந்தை ஓசையாலும், காதில்லாத குழந்தை ஓலைப் பின்னலின் வரிகளாலும் உள்ளே உருளும் கற்களின் அதிர்வாலும் அனுபவிக்கலாம். கயிற்றைப் பிடித்து இழுத்தால் சக்கரத்தின் சுழற்சியில் இரண்டு குச்சிகள் மாறி மாறித் தட்டும் சிறு மண் டமாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு குழந்தைக்கு அதன் சப்தம், மற்றொரு குழந்தைக்குக் குச்சிகள் எழுந்து விழும் காட்சியும் கயிற்றின் வழியே விரலுக்கு ஏறும் துடிப்பும். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளையும் கண்ணை மூடிக்கொண்டே ஆடலாம். சோழியா, புளியங்கொட்டையா, மஞ்சாடியா என்பதை விரலே சொல்லிவிடும். பித்தளைத் தாயக்கட்டையில் புள்ளிகள் மையால் எழுதப்படுவதில்லை, குழியாக வெட்டப்படுகின்றன. ஆகவே விழுந்த எண்ணைத் தடவி அறியலாம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கோ எல்லாவற்றிலும் மேலான ஒரு குணம் உண்டு: எவ்வளவு தள்ளினாலும் அது இருந்த இடத்துக்கே திரும்பி நிற்கும். கையை விட்டு உருண்டுபோன பொருள், பார்வையில்லாத குழந்தைக்கு உலகத்தை விட்டே போய்விட்ட பொருள். ஆகவே தள்ளினால் திரும்பி வரும் பொம்மையும், தூளிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கிலுகிலுப்பையும், போய் வரும் ஊஞ்சலும் அதற்குப் பொருள்களின் நிலைபேற்றைக் கற்பிக்கும் முதல் பாடங்களாகின்றன.

பொருள் இருந்தும் குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை. காரணம், அந்தக் குழந்தை வீதிக்கே வரவில்லை. பெரியம்மை பல்லாயிரம் கண்களைப் பறித்த காலம் அது. வைட்டமின் ஏ இல்லாத உணவால் இரண்டு மூன்று வயதிலேயே கருவிழி வெந்து வெளுத்துப்போன பிள்ளைகள் ஏழை வீடுகள்தோறும் இருந்தார்கள். கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா என்ற சாதாரணச் சிவப்புக் காய்ச்சல், பிறக்கும் சிசுவின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் ஒருங்கே தாக்கவல்லது. சிசுவுக்கு அதனால் கேடு வரும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் கிரெக் 1941-இல் எடுத்துக்காட்டும் வரையில் அதை யாரும் அறியார். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் செய்யும் நம் வழக்கமும் சில பரம்பரைக் கேளாமைகளுக்கு இடங்கொடுத்தது. சானடோரியங்களில் உயிரைக் காத்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தேகூடச் சிலருக்கு உட்செவி நரம்பைச் சேதப்படுத்தியதுண்டு. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியேறிய குமாஸ்தாக் குடும்பங்கள், அத்தகைய குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலேறி, 1819 முதல் நடந்துவரும் கண் ஆஸ்பத்திரிக்காக எழும்பூரில் இறங்கின. வைத்தியம் முடிந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிய பின், அந்தக் குழந்தைக்குக் கூடத்து மூலையும் பாயுமே உலகமாயின. விழுந்துவிடும் என்று நடைவண்டி கொடுக்கவில்லை. கேட்காது என்று கிலுகிலுப்பை கொடுக்கவில்லை. எதற்குப் பிரயோஜனம் என்று பேச்சும் கொடுக்கவில்லை. இவை யாவும் அன்பின் பெயராலேயே நடந்தன என்பதுதான் வருத்தத்துக்குரியது.

பிறகு பள்ளிகள் தோன்றின. 1880-களின் நடுவில் பம்பாயில் காது கேளாதோருக்கும், 1887-இல் அமிர்தசரஸில் பார்வையற்றோருக்கும் முதற்பள்ளிகள் எழுந்தன. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டை வழிகாட்டியது: அங்கே 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்காகவும், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதோருக்காகவும் கல்விப் பணியைத் தொடங்கினார்கள். சென்னையின் எல்லையில், பூந்தமல்லியில், 1931-இல் பார்வையற்றோருக்கான அரசினர் பள்ளி ஏற்பட்டது. இந்த ஸ்தாபனங்கள் செய்த உபகாரம் அளவிடற்கரியது. ஆனால் இந்த நாட்டிலும் வெளிநாட்டிலும் அக்காலத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வரம்பு இருந்தது. குழந்தை ஏறத்தாழப் பள்ளி வயதை அடைந்த பிறகே வந்து சேரும். சேர்ந்ததும் எழுத்தோடுகூடப் பாய் பின்னுதல், பிரம்பு முடைதல், நெசவு என்று ஜீவனோபாயத்தை நோக்கியே அதன் கைகள் பழக்கப்படும். பிச்சையிலிருந்து மீட்க வேண்டும் என்பதே அன்றைய அவசரம். ஆகவே அந்தக் கைக்கு முதலில் கிடைத்தது பிரம்பு, பம்பரம் அன்று. விளையாடிப் பழகாத கை பிரம்பையும் தாமதமாகவே பழகும் என்பதை ஆசிரியர்கள் அனுபவத்தில்தான் கண்டார்கள்.

அமிர்தசரஸில் பள்ளி எழுந்த அதே 1887-இல், மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் ஒரு பொம்மை கைமாறியது. கண்ணும் காதும் இழந்த ஆறு வயதுச் சிறுமி ஹெலன் கெல்லருக்கு, ஆன் சலிவன் என்ற இளம் ஆசிரியை கொண்டுவந்து கொடுத்த பரிசு அது. பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிச் சிறுமிகள் அனுப்பியது. அதற்கு ஆடை தைத்தவர் லாரா பிரிட்ஜ்மன், அவரும் கண்ணும் காதும் இல்லாதவர். பொம்மையைக் கொடுத்த கையோடு அதன் பெயரைச் சிறுமியின் உள்ளங்கையில் விரலால் எழுதத் தொடங்கினார் ஆசிரியை. சில வாரங்களில் தண்ணீர்க் குழாயடியில் நிகழ்ந்த விளக்கத்தை உலகம் அறியும். ஆனால் பாடம் ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து தொடங்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1955-இல் கெல்லர் இந்தியாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தபோது, அவரைக் காணத் திரண்டவர்கள் கண்டது பொம்மையில் ஆரம்பித்த ஒரு கல்வியின் பலனையே.

இனி அடையாற்றுக்கு வருவோம். பாரிஸ் நகரத்துக் காது கேளாதோர் ஸ்தாபனத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவராயிருந்த இடார்ட் என்பவர், அவெரோன் காட்டில் அகப்பட்ட விக்தர் என்ற பேசாத சிறுவனைக் கற்பிக்க முயன்றார். அவன் கண்ணைத் துணியால் கட்டி, மேளத்தின் ஓசையையும் மணியின் ஓசையையும் பிரித்தறியச் செய்வது அவருடைய பாடங்களில் ஒன்று. விக்தர் சரளமாகப் பேசக் கற்கவே இல்லை; ஆயினும் ஒரு புலனை மூடி மற்றொன்றை விழிக்கச் செய்யும் அந்த உபாயம் அழியவில்லை. இடார்டின் வழியில் வந்த செகுவின் அதை அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கெனப் பொருள்களாக்கினார். அவ்விருவருடைய நூல்களையும் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் பயின்ற மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குழந்தைகளுக்கு அந்தப் பொருள்களைத் திருத்தியமைத்து அளித்தார். அவர்தாம் 1939-இன் இறுதியில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் அடையாற்றில் வந்து இறங்கினார். ஓலைக் கொட்டகைகளில் முந்நூறு பேரளவில் ஆசிரியர்கள் கூடி அவரிடம் பயிற்சி பெற்றார்கள். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் குதித்ததும், மரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையார் எதிரி நாட்டுப் பிரஜையாகச் சபையின் எல்லைக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். அவருடைய எழுபதாம் பிறந்தநாளான 1940 ஆகஸ்டு 31-இல் மகனை விடுவித்தார்கள். இடையில் கொடைக்கானலிலும் வாழ்ந்து, 1946-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பும்வரை இந்த நாட்டிலேயே இருந்தார்.

அந்தக் கொட்டகைகளில் பரப்பிவைத்த பொருள்களை, நாம் பேசும் குழந்தைகளின் கண்ணோட்டத்தில் மறுபடி பார்க்க வேண்டும். குமிழ் பிடித்துத் தூக்கித் தத்தம் குழியில் பொருத்தும் மர உருளைகள். பொருந்தாவிட்டால் குழியே தவறைச் சொல்லிவிடும், ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை. சொரசொரப்பும் வழவழப்பும் மாறிவரும் தடவு பலகைகள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். உள்ளே கையை விட்டுத் தடவியே பொருளைக் கண்டுபிடிக்கும் துணிப்பை. குலுக்கிப் பார்த்து ஒத்த ஓசையை ஒன்றோடொன்று சேர்க்கும் ஆறு ஜோடி ஒலிப்பெட்டிகள். பார்வையுள்ள குழந்தையின் கண்ணைக் கட்டி அவர் கொடுத்த பயிற்சியே, கண் கட்டாமலே இருட்டிலிருக்கும் குழந்தைக்கு நேரான பாடம் ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. கேளாத குழந்தைகளுக்கான பாரிஸ் ஸ்தாபனத்தில் பிறந்த ஒரு யோசனை, ரோமாபுரியில் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகி, அடையாற்றங்கரைக்கு வந்து, மீண்டும் கண்ணும் காதும் குன்றிய குழந்தைகளின் அலமாரிகளை அடைந்தது. இன்று எந்தச் சிறப்புப் பள்ளிக்குள் நுழைந்தாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் ஒன்றையாவது காணலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு காரியங்கள் விரைந்தன. 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் உறுதிப்பட்டு, டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் தோன்றியது. 1960-களில் அடையாறு கால்வாய்க் கரையில் புனித லூயிஸ் நிறுவனம் கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் இடமளித்தது. ஆனால் நம் சரித்திரத்தின் திருப்பம் என்று நான் கருதுவது 1969. அந்த ஆண்டு, இன்று அடையாறு சாஸ்திரி நகரில் நடைபெறும் பால வித்யாலயா, காது கேளாத மிக இளங்குழந்தைகளுக்கென்றே தொடங்கப்பட்டது. பள்ளி வயது வரட்டும் என்று காத்திராமல், கேளாமை தெரிந்த உடனேயே தாயையும் சேயையும் சேர்த்து அழைப்பது. செவித்துணைக் கருவியை அணிவித்து, எஞ்சியிருக்கும் கேட்கும் சக்தியைத் தட்டி எழுப்புவது. ஐந்து வயதுக்குள் பேச்சைக் கொடுத்துச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவைப்பது என்பது அதன் நோக்கம். அதன் பாடத்திட்டத்துக்குத் ‘த்வனி’ என்று பெயர். கைக்குழந்தைக்குப் பாடப்புத்தகம் ஏது? ஆகவே விளையாட்டுப் பொருளே அங்கு பாடப்புத்தகமாயிற்று.

இந்த வித்தையின் நுட்பம் அறியத்தக்கது. சிறு குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று வாயால் கேட்டு அறிய முடியாது. மான்செஸ்டரில் யூயிங் தம்பதியர் 1944-இல் வகுத்த பரீட்சையில், தாயின் மடியிலிருக்கும் சிசுவின் கண்ணுக்குப் படாத பக்கத்தில் கிலுகிலுப்பையை மெல்ல அசைத்து, அது திரும்பிப் பார்க்கிறதா என்று கவனித்தார்கள். கடைத்தெருப் பொம்மை ஒரு மருத்துவக் கருவியின் ஸ்தானத்தை அடைந்தது. சற்று வளர்ந்த குழந்தையாயின், கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துக் கன்னத்தருகே பிடிக்கச் செய்து, மேளத்தைத் தட்டியவுடன் அதைப் பெட்டியில் போடப் பழக்குவார்கள். முதலில் மேளத்தைக் காட்டித் தட்டுவார்கள். பிறகு மறைத்துத் தட்டுவார்கள். காத்திருத்தல், கேட்டல், செய்தல் என்ற மூன்றும் அந்த ஒரு விளையாட்டில் அடங்குகின்றன. கேளாமை மிகுந்த குழந்தைகள் பலருக்கும் தாழ்ந்த சுருதியில் கொஞ்சம் கேள்வி எஞ்சியிருக்கும். ஆகவே மேளம் அவர்களுக்கு எட்டும், கீச்சுக்குரல் எட்டாது. பிள்ளைத்தமிழின் சிறுபறை எவ்வளவு பொருத்தமான பொருள் என்பது இங்கே புலனாகிறது. காது கேளாத குழந்தைக்கு ஓசைப் பொம்மை எதற்கு என்று ஒதுக்கியவர்கள், அதற்கு மிகவும் வேண்டியிருந்த பொருளையே ஒதுக்கினார்கள்.

இதைவிடப் பெரிய உண்மை ஒன்றையும் அந்த ஆசிரியர்கள் கண்டார்கள். கேளாத குழந்தைக்கு நல்ல பொம்மை என்பது தானே பேசும் பொம்மை அன்று. தாயைப் பேசவைக்கும் பொம்மையே. பொத்தானை அழுத்தினால் பாடும் இயந்திரம் குழந்தையையும் தாயையும் தனித்தனியே உட்காரவைத்துவிடுகிறது. ஒரு கிண்ணம் சொப்புச் சாமானோ சம்பாஷணைக்கு முடிவில்லாத விஷயமாகிறது: அடுப்பை மூட்டு, அரிசியைப் போடு, ஐயோ சுடுகிறது, அப்பாவுக்கு வை, இன்னும் கொஞ்சம் போடு. அமெரிக்காவில் லூயிஸ் டிரேசி அம்மையார் 1942-இல் நிறுவிய ஜான் டிரேசி மருத்துவமனை, கேளாத குழந்தையின் தாய்மாருக்கு உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பிய பாடங்களும் இதையே சொல்லின: வீட்டிலிருக்கும் பொருளை எடுத்துக்கொள், குழந்தையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்கார், அது பார்ப்பதைப் பற்றிப் பேசு. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் சிகிச்சை கிடைக்கிறது; அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், அதன்பின் வரும் மாதங்களெல்லாம் இந்தச் சொப்பு விளையாட்டின் கையில்தான் இருக்கின்றன.

பார்வையில்லாத குழந்தையின் பொம்மையைத் தேர்ந்தெடுப்பதில் வேறொரு விவேகம் தேவை. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் யானையும் பிளாஸ்டிக் பசுவும் நம் கண்ணுக்கு வெவ்வேறு. அதன் விரலுக்கோ நான்கு கால்களும் ஒரு வழவழப்பும் ஒரே மணமும் உள்ள இரண்டு துண்டுகள். யானையைத் தொட்டறியாத குழந்தைக்கு அந்தப் பொம்மை எதையும் நினைவூட்டாது. ஆகவே முதலில் மெய்யான பொருள்கள் வேண்டும்: தேங்காய், மூடியோடு எவர்சில்வர் சம்படம், பூட்டும் சாவியும், செருப்பு, நார்க்கூடை. அவற்றை ஆராய்ந்து பழகிய பின், அவற்றின் சிறிய வடிவங்களைக் கொடுக்கலாம். வீட்டுப் பானையையும் அம்மியையும் தடவிப் பழகிய விரலுக்கு மரச் சொப்பின் பானையும் அம்மியும் உடனே அர்த்தமாகின்றன. சொப்பை, பார்வையற்ற குழந்தைக்கு வாய்த்த மிகச் சிறந்த தமிழ்ப் பொம்மை என்று நான் துணிந்து சொல்வேன். மேலும், இத்தகைய பிள்ளைகளில் கணிசமானோருக்குக் கொஞ்சம் பார்வை எஞ்சியிருக்கும். கறுப்புத் துணியின்மேல் மஞ்சள் பந்தை வைத்தால் அது அவர்களுக்குத் தெரியக்கூடும். விளிம்புள்ள தட்டில் பொருள்களை வைத்துக் கொடுப்பது, ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கப் பழக்குவது ஆகியவை பொம்மையைப் போலவே முக்கியமானவை. இடம் மாறாத உலகத்தில்தான் அந்தக் குழந்தை தைரியமாகக் கை நீட்டும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு உலகம் பல ஆட்டங்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறது. 1922-இல் மெல்போர்னில் தோன்றிய பார்வையற்றோர் கிரிக்கெட் நம் நாட்டில் வேரூன்றி, 1998-இல் டெல்லியில் அதன் முதல் உலகக்கோப்பையே நடந்தது. உள்ளே இரும்புக் குண்டுகள் குலுங்கும் கெட்டிப் பந்தைத் தரையோடு உருட்டி வீசுகிறார்கள். போரில் கண்ணிழந்தவர்களுக்காக 1946-இல் ஐரோப்பாவில் வகுத்த கோல்பால் ஆட்டத்தில் பந்துக்குள் மணி ஒலிக்கும். சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்களை மேடாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் துளையிட்டு, காய்களின் அடியில் முளை வைத்தார்கள்; கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சிறு ஊசிமுனை இருக்கும். இவை எதுவும் ஆட்டத்தின் விதியை இளக்கவில்லை. ஆட்டம் தரும் செய்தியைக் கண்ணிலிருந்து கைக்கும் காதுக்கும் மாற்றின, அவ்வளவே.

கண்ணும் காதும் ஒருங்கே குன்றிய குழந்தைகளின் விஷயம் இன்னும் கடினமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-இல் மத்திய அரசு நிறுவிய பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இவர்களைத் தன் பொறுப்பில் ஏற்றது. இவர்களுக்குச் செய்தி வரும் வாயில்கள் தோல், மூக்கு, நாக்கு, உடலின் அசைவு ஆகியவையே. ஆகவே அதிரும் தலையணை, மரப்பலகையின்மேல் படுக்கவைத்துப் பலகையைத் தட்டுதல், ஊஞ்சல், மணல், தண்ணீர், வேப்பிலையும் துளசியும் போன்ற மணங்கள் யாவும் இங்கே விளையாட்டுப் பொருள்களாகின்றன. ஒவ்வொரு விளையாட்டையும் ஓர் அடையாளப் பொருளைத் தொடவைத்துத் தொடங்குவதும், அதே பொருளைத் தொடவைத்து முடிப்பதும் முறை. எது வரப்போகிறது என்று அறிவதே அந்தக் குழந்தைக்கு முதல் நிம்மதி.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் அறிந்துகொண்டு இன்றைய பெற்றோர் கடைவீதிக்குப் போகவேண்டும். வெளிநாட்டில் 2020 முதல் பிரெயில் புள்ளிகள் பதித்த லெகோ கட்டைகள் வந்திருக்கின்றன. செவித்துணைக் கருவி அணிந்த பார்பி பொம்மை 2022-இலும், கைத்தடி ஏந்திய பார்வையற்ற பார்பி 2024-இலும் வெளியாயின. தன்னைப் போன்ற ஒரு பொம்மையைக் கையில் வைத்திருப்பது குழந்தைக்குப் பெருமிதம்தான். ஆயினும் இவை கிடைக்கவில்லையே என்று தாம்பரம் சண்முகம் சாலையில் நிற்கும் தாய் ஏங்கவேண்டியதில்லை. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மரப் பல்லாங்குழியும், கடற்கரை ரயிலில் பார்வையற்ற வியாபாரிகள் பெட்டிக்குப் பெட்டி நடந்து விற்கும் சிறு பொருள்களும், அடுக்களையில் துவரம்பருப்பும் கடுகும் இட்டு மூடிய இரண்டு ஜோடி டப்பாக்களும் அந்தக் காரியத்தைச் செய்துவிடும். புதிய பொம்மையாயின், 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்வையற்ற குழந்தை எதையும் வாயில் வைத்தே நெடுங்காலம் ஆராயும் ஆதலால் உதிரும் சாயமும் கழன்றுவரும் துண்டுகளும் அதற்கு இரட்டை அபாயம். பொத்தான் பேட்டரி வெளிவரும் பொம்மை எந்தக் குழந்தைக்கும் ஆகாது. உட்செவிக் கருவி பொருத்திய குழந்தையிடம் வலுவான காந்தப் பொம்மைகளைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி உண்டு. பெட்டியின்மேல் அச்சிட்ட வயதைப் பார்த்தோ, குறைபாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டோ பொம்மையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்தக் குழந்தையிடம் எந்தப் புலன் விழித்திருக்கிறது, அது எதைத் தொட்டால் மறுபடி தொடுகிறது, எந்த ஓசைக்குக் கை கால் அசைவதை நிறுத்திக் கவனிக்கிறது என்று சில நாட்கள் அருகிலிருந்து பார்க்கவேண்டும். இடார்ட் விக்தரிடம் செய்ததும், மாண்டிசோரி அம்மையார் ரோமாபுரியில் செய்ததும், அடையாற்று ஆசிரியைகள் தாய்மாருக்குக் கற்றுத்தருவதும் இந்தக் கவனிப்பையே.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் இன்று இந்தத் தென்புறமெங்கும் இருக்கின்றன. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்தின் வார்டுகளிலும் இருக்கின்றன. கேளாமையும் பார்வைக் குறைவும் முதன்முதலில் வெளிப்படக்கூடிய வயதுக் குழந்தைகள் வந்து அமர்வது அங்கேதான். ஒவ்வோர் அங்கன்வாடியிலும் ஒரு மரப்பெட்டி வைக்கலாம்: ஒரு சிறுபறை, ஒரு கிலுகிலுப்பை, ஒரு பல்லாங்குழி, மணி வைத்த பந்து, தலையாட்டிப் பொம்மை, ஒரு கிண்ணம் சொப்பு, தடவிப் பார்க்கும் துணிப்பை. இவற்றின் விலை பெரிதன்று. ஊழியருக்கு ஓரிரு நாள் பயிற்சி கொடுத்தால், மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடும்போதே எந்தக் குழந்தை பறைக்குத் திரும்பவில்லை, எந்தக் குழந்தை பந்தைத் தடவித் தேடுகிறது என்று அவர் கண்டுகொள்வார். கண்டுகொண்ட வாரமே அந்தத் தாயை அடையாற்றுக்கோ முட்டுக்காட்டுக்கோ அனுப்பிவைக்கலாம். பாளையங்கோட்டையில் தொடங்கி ஏறத்தாழ நூற்றுமுப்பத்தைந்து ஆண்டுகளாக ஆசிரியர்கள் சேர்த்துவைத்த ஞானம் பள்ளிச் சுவர்களுக்குள்ளேயே இருந்துவிடக் கூடாது. அது ஒவ்வொரு வார்டுக்கும் போய்ச்சேரும்படி செய்வது மாநகராட்சியின் கடமை, அதைக் கேட்டுப் பெறுவது நம்முடைய கடமை.